ரூத்தின் மேற்படிப்பும் என் மூச்சிரைப்பும்

புதுப்பட்டினம்,
சனிக்கிழமை காலை.

படாளத்தில் ரைஸ் மில் நடத்தி வரும், என் மரியாதைக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய மச்சான் ஏசுதாஸ் அவர்களுக்கு, தங்கள் தங்கை ரூத்தின் கணவன் கிருபாகரன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். ரூத் மூச்சு வாங்காமல் சுகம், நான் மூச்சு வாங்கிக்கொண்டு சுகம். அங்கே தாங்களும் அக்காவும் மகள் அன்பரசியும் உட்கார்ந்த இடத்திலேயே சுகமாக இருக்கும்படி ஜெபிக்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று தாங்கள் யோசிப்பீர்கள். ஃபோனில் பேசலாம் என்றால் எங்கள் ஃபிளாட்டில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருக்கிற சுவர் ஒரு ஒப்புக்குத்தான் நிற்கிறது. நான் சத்தமாகப் பேசினால் ரூத்துக்குக் கேட்கும், மெதுவாகப் பேசினால் ஏன் மெதுவாகப் பேசினாய் என்று கேட்பாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் தங்கள் ஃபோன் எந்நேரமும் அன்பரசியின் கையில் இருக்கிறது, அவள் படித்த கையோடு அத்தைக்கு அனுப்பிவிடுவாள். ஆகவே தபாலை நம்பினேன். இதைப் படித்ததும் மில் அடுப்பில் போட்டுவிடவும்.

விஷயம் இதுதான். ரூத் மேற்படிப்புக்கு மனு போட்டிருப்பது தங்களுக்குத் தெரியும். "யோசிச்சு சொல்றேம்மா" என்று தாங்கள் சொல்லியிருக்கிறீர்கள். "அண்ணன் சரின்னாதான் சேருவேன், இல்லன்னா இல்ல" என்று அவளும் சொல்லிவிட்டாள். அப்பா அம்மா இல்லாத குறை தெரியாமல் வளர்த்த அண்ணன் என்கிற மரியாதை. வருகிற புதன்கிழமைக்குள் சேர வேண்டும். அதற்குள் தாங்கள் ஃபோன் போட்டு, வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காரணங்களைக் கீழே எழுதுகிறேன். அவற்றை முழுவதும் படித்தால் தங்களுக்கே இரக்கம் வரும்.

பையன் ஜோஷ்வா கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் இது ஆரம்பித்தது. ரூத் வேலை பார்க்கிற திருக்கழுக்குன்றம் பள்ளிக்கு யாரோ ஒரு பேராசிரியர் வந்து பி.டி. டீச்சர்களுக்கு வகுப்பு எடுத்தாராம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் விசிலைக் கூடக் கழற்றாமல், உடற்பயிற்சி அறிவியலில் எம்.எஸ்ஸி. படிக்கப் போகிறேன் என்றாள். நான் மின்வாரிய அலுவலகத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலியின் வடிவத்துக்கு வந்துவிட்டவன். தெரியாத்தனமாக, "கைய மேல தூக்கறதுக்கு ஒரு எம்.எஸ்ஸியா" என்று கேட்டுவிட்டேன். "கைய மேல தூக்கினா உள்ள இன்னா நடக்குது, அதான் படிப்பு" என்றாள். சரி, ஒரு படிப்புத்தானே என்று நினைத்தேன். அது ஒரு தெருவாக இருக்கிறது மச்சான். இதயமும் நுரையீரலும் எப்படி உழைக்கின்றன என்று பார்ப்பது ஒரு வீடு, எலும்பும் மூட்டும் எப்படி அசைகின்றன என்று அளப்பது பக்கத்து வீடு, ஆட்டக்காரனின் சாப்பாட்டுக்குத் தனியாக ஒன்று, அவன் மனசுக்கு ஒன்று, அவனுக்குப் பலம் ஏற்ற ஒன்று, சீக்காளிக்கு ஏற்ற பயிற்சி சொல்ல இன்னொன்று. இது எதுவும் வேண்டாம், பி.டி. டீச்சராகவே மேலே போகிறேன் என்றால் அதற்கு எம்.பி.எட். என்று வேறொரு வீடு. விலங்கியல் பட்டமும் பி.பி.எட்.டும் வைத்திருப்பதால் இவளுக்குப் பல கதவுகள் திறக்கும் போலிருக்கிறது. எதைத் தட்டுவது என்று தெரியவில்லை. "படிச்சுப் பாத்தா எல்லாமே நல்லாத்தான் கீது. செஞ்சு பாத்தாதான் எனக்கு எதுன்னு தெரியும்" என்றாள். யாரை வைத்துச் செய்வாய் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

முதலில் இதயம். மார்பில் ஒரு பட்டையைக் கட்டி, அது அவளுடைய ஃபோனில் என் நாடித்துடிப்பைக் காட்டும்படி செய்து, என்னை எங்கள் ஃபிளாட் மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னாள். அளவு மீறாமல் இருக்க ஒரு வழி இருக்கிறதாம், ஏறிக்கொண்டே பேச வேண்டுமாம், பேச்சு திக்கினால் நிறுத்திவிட வேண்டுமாம். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் காலை ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு ஏறினேன். இரண்டாவது மாடி திரும்புகிற இடத்தில் "ஆண்டவரே, அடியேனை" என்பதோடு மூச்சு நின்று போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மாடியில் பார்வதம் மாமி குடியிருக்கிறார். அணு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஜானகிராமன் சாருடைய மனைவி. கதவைத் திறந்தால் ஒரு ஆள் மார்பில் பட்டை கட்டிக்கொண்டு, வியர்த்து வழிந்து, ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறான். அவர் என்ன செய்வார், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லலாம் என்றால் சொல்ல மூச்சு வரவில்லை. வண்டி வந்து, ஸ்ட்ரெச்சர் வந்து, "பேஷண்ட் யாரு" என்று கேட்டபோது மொத்த அபார்ட்மெண்டும் என்னைக் காட்டியது. ரூத் மட்டும் ஃபோனைப் பார்த்துக்கொண்டே, "பேஷண்ட்லாம் இல்லண்ணே, சும்மா சப்ஜெக்ட்டு" என்றாள். வந்தவர் நல்ல மனிதர், திட்டவில்லை. ஒரு சோடா குடித்துவிட்டு, தன் மச்சினிக்கும் இந்தப் படிப்பு கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்தது எலும்பும் மூட்டும். நான் நடக்கிற நடையைப் பின்னாலிருந்து வீடியோ எடுக்க வேண்டும், மூட்டு இருக்கிற இடமெல்லாம் புள்ளி ஒட்ட வேண்டும் என்றாள். நம் வீட்டில் ஏது பொட்டு, பார்வதம் மாமியிடம் போய் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்தாள். மாமல்லபுரம் கடற்கரையில், அரை டிரவுசரோடு, கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், முழங்கை எல்லாவற்றிலும் மெரூன் பொட்டு வைத்துக்கொண்டு நான் நேர்கோட்டில் போவதும் வருவதுமாக இருந்தேன். டூர் பஸ்ஸில் வந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு குடும்பம் இது ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டது. இன்னொரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று இந்தியில் கேட்டது. ரூத் அதற்கெல்லாம் அசையாமல், "வலது கால இழுக்கற ஜோஷ்வாப்பா. இன்னொரு தபா வா" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். இதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் போதகர் கைகொடுத்தபோது என் முழங்கையைப் பார்த்தார். ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு வந்து நெடுநேரம் ஜெபித்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு விஷயத்தை விவரமாக எழுத எனக்குத் தெம்பில்லை. மூன்று வேளையும் முளைகட்டிய பயறு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதையும் தாங்கிவிட்டேன். தாங்க முடியாமல் போனது மனசு. விளையாட்டு உளவியல் பார்த்த வாரம் முழுக்க ரூத் என்னைத் திட்டவே இல்லை மச்சான். கல்யாணம் ஆன நாளில் இருந்து இப்படி நடந்ததில்லை. பஸ்ஸில் குடையைத் தொலைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்து நின்றேன், என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "கொட தொலஞ்சிச்சுன்னு தெரிஞ்சப்ப உன் மனசுல இன்னா ஓடுச்சு" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தயவு செய்து என்னைத் திட்டிவிடு என்று கேட்டுக்கொண்டேன்.

இப்போது ஜானகிராமன் சார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆனவர். எலும்பு கூடிவிட்டது, பிசியோதெரபி முடிந்துவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். ஆனால் மனிதர் ஜன்னல் ஓரத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பாத்ரூம் போவதென்றாலும் மாமி தோள் கொடுக்க வேண்டும். மாமிக்கே முட்டிவலி. ஆம்புலன்ஸ் வந்ததில் இருந்து மாமியும் ரூத்தும் சிநேகம் ஆகிவிட்டதால், இதைச் சொல்லி மாமி ஒருநாள் கண் கலங்கியிருக்கிறார். ரூத் மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனாள். சார் லேசில் மடங்குகிற ஆள் இல்லை. "நீ பண்ற பரிசோதனைக்கெல்லாம் எத்தனை பேரை எடுத்துண்டே" என்று கேட்டார்.

"ஒருத்தர்தான் சார்" என்று ரூத் என்னைக் காட்டினாள்.

"ஒருத்தரை வெச்சுண்டு சொல்றதுக்குப் பேர் விஞ்ஞானம் இல்லம்மா, வதந்தி."

"அப்ப நீங்களும் வாங்க சார். ரெண்டாயிடும்."

சார் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, "இவரோட என்னை ஒப்பிடறதா இருந்தா ஒரு வாரம் அவகாசம் வேணும்" என்றார்.

முதல் நாள் நாற்காலியில் இருந்து எழுந்து நிற்பது, உட்காருவது, அவ்வளவுதான். நானும் கூடவே எழுந்து உட்கார வேண்டும். அவர் ஒரு தடவை கூடுதலாகச் செய்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். பிறகு வராண்டாவில் நடந்தோம், என் தோள்தான் அவருக்குக் கைப்பிடி. படி இறங்கக் கற்றார். அவர் பயப்படுகிற இடம் எதுவென்று ரூத்துக்கு எப்படியோ தெரிந்துவிடும், அங்கே வந்ததும் வேறு பேச்சைக் கிளப்புவாள். போன மாதம் ஒரு சாயங்காலம் சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்கு ஆட்டோ வைத்துப் போனோம். ஈர மணலாகப் பார்த்து நடந்தோம். ரூத் பேச்சுவாக்கில், இந்தக் கரையில் மணல் ஏன் ஒரு பக்கமாகவே அரித்துப் போகிறது சார் என்று கேட்டாள். சார் ஆரம்பித்துவிட்டார். நீரோட்டம் எந்தத் திசையில் போகிறது என்று காட்டக் கையை நீட்டினார். அது என் தோளில் இருந்த கை. விளக்கிக்கொண்டே அவர் பாட்டுக்கு நடக்கிறார், நான் அப்படியே நின்றுவிட்டேன், ரூத் உதட்டில் விரலை வைத்து என்னைப் பேசாதே என்றாள். நல்ல தூரம் போய் "புரியறதா" என்று திரும்பியவர், பக்கத்தில் ஆள் இல்லாததைப் பார்த்ததும் முகம் வெளுத்து, "ஏன்யா தோள எடுத்தீர்" என்று என்னை அதட்டினார்.

"நான் எடுக்கல சார். நீங்கதான் கைய எடுத்துட்டீங்க" என்றேன்.

பின்னால் வந்துகொண்டிருந்த பார்வதம் மாமி முட்டிவலியையும் பார்க்காமல் மணலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சார் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். ரூத் அவர் கிட்டே போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, "வாங்க சார், வூட்டுக்குப் போலாம்" என்றாள். அவராகவே நடந்து வந்தார்.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் ரூத் என்னிடம், எதைப் படிப்பது என்று தெரிந்துவிட்டது என்றாள். நோய்ப்பட்டவர்களுக்கும் வயதானவர்களுக்கும் எந்தப் பயிற்சி, எவ்வளவு, எப்போது நிறுத்த வேண்டும் என்று படிக்கிற பிரிவு. அதற்குத்தான் மனு போட்டாள். வண்டலூர்ப் பக்கம் இருக்கிற கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். செய்து காட்ட ஒரு ஆளை அழைத்து வரலாம் என்று சொல்லியிருந்ததால் நானும் போனேன். மற்றவர்கள் எல்லாம் இளவட்டங்கள், அவர்கள் அழைத்து வந்தவர்கள் ஓட்டக்காரர்களும் கபடி ஆடுகிறவர்களும். ரூத் என்னை அழைத்துப் போயிருந்தாள். என் வயிற்றைப் பார்த்து வரிசையில் சிலர் சிரித்தார்கள். அமிர்தவல்லி என்று ஒரு பேராசிரியை, கண்டிப்பான முகம். "இந்த வயசுல எதுக்கும்மா இது" என்று நேராகவே கேட்டார். ரூத் யோசிக்கவில்லை. "ஓடுற பசங்களுக்கு எங்கள மாதிரி டீச்சருங்க இருக்காங்க மேடம். எழுந்து நிக்கவே பயப்படுறவங்களுக்கு யாரு இருக்காங்க" என்றாள்.

பிறகு என்னை நின்ற இடத்திலேயே ஓடுகிற சைக்கிளில் ஏற்றினாள். மிதிக்கச் சொன்னாள், வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்து, "உங்களுக்கு எதாவது சிரமம் இருந்துதா? தயங்காம சொல்லுங்க" என்றார். மச்சான், இந்தச் சந்தர்ப்பத்துக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன். மாடிப்படி, பொட்டு, பயறு எல்லாவற்றையும் கொட்டியிருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். வாயைத் திறந்தேன். வந்ததோ வேறு. "மேடம், எனக்கு மூச்சு முட்டப்போவுதுன்னு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி இவங்களுக்குத் தெரிஞ்சிடுது. இவங்க நில்லுன்னா நின்னுடுவேன், நடன்னா நடந்துடுவேன். பயமா இருந்ததில்ல" என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ரூத் என் பக்கம் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது. போன வாரம் இடம் கிடைத்ததாகத் தகவல் வந்துவிட்டது.

வாய் தவறிச் சொன்னதற்கு இப்போது நான் அனுபவிக்கிறேன். படிப்பு இரண்டு வருடம். புதுப்பட்டினத்தில் இருந்து தினமும் பஸ் மாறி மாறிப் போய் வர முடியாது, வார நாளில் ஹாஸ்டல், சனி ஞாயிறு வீடு என்று திட்டம் போட்டிருக்கிறாள். பையனும் இல்லை, இவளும் இல்லை என்றால் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பூட்டை நானே திறக்க வேண்டும். அது கூடப் பெரிதில்லை. நான் தபால் வழியில், அரியர் வைத்து, தத்தித் தத்தி பி.ஏ. தேறியவன் என்பது தங்களுக்குத் தெரியும். இவள் பேராசிரியர்களோடு பழகிவிட்டு, எனக்கு விளங்காத வார்த்தையெல்லாம் பேசிக்கொண்டு வந்தால், அப்புறம் என்னோடு பேச இவளுக்கு என்ன இருக்கும்? இந்தப் பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. தங்களிடம் சொல்கிறேன். ஆகவே வேண்டாம் என்று தாங்கள் சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். வயசாயிடுச்சு, ஸ்கூல் வேலையே போதும், இப்படி ஏதாவது சொல்லுங்கள். தாங்கள் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் அன்பின் தோத்திரம். அன்பரசிக்கு என் ஆசீர்வாதம், ஃபோனைக் கொஞ்சம் கீழே வைக்கச் சொல்லவும். இந்தப் போகம் நல்ல நெல்லாக வந்து மில் ஓயாமல் ஓடவும், கர்த்தர் தங்கள் கையின் வேலையை ஆசீர்வதிக்கவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மச்சான்,
கிருபாகரன்.

பின்குறிப்பு: இன்று திங்கள் காலை. கவரை ஒட்டுவதற்கு முன் இதை எழுதுகிறேன். நேற்று ஆராதனை முடிந்து வந்து சமையல் செய்துகொண்டிருந்த ரூத், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் போவல ஜோஷ்வாப்பா. நீ தனியா பன்னு துன்னுட்டு படுத்துக்குவ. நாளைக்கி காலேஜுக்கு வரலன்னு சொல்லிடறேன், பேஜாரு முடிஞ்சிடும்" என்றாள். நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஆனால் எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம், கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் நான் இப்படிக் கத்தியதில்லை. "யாருக்காக போவல? எனக்காகவா? எனக்கு சோறு வடிக்கத் தெரியாதா? தெரியலன்னா கத்துக்க மாட்டனா? அந்த சார கடலாண்ட நடக்க வெச்சிட்டு, நீ இங்க குந்திகினு இருப்பியா?" என்று கேட்டேன். ரூத் அடுப்பை அணைத்தாள். பிறகு, "நீ இவ்ளோ பேசுவன்னு எனக்குத் தெரியாது" என்றாள். எனக்கும் தெரியாது. அண்ணன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்றாள். உன் அண்ணன் சரியென்றுதான் சொல்வார், எனக்குத் தெரியும் என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். பரணில் இருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். சேரும் நாளுக்கு நானும் லீவு போட்டுவிட்டேன்.

ஆகையால் மச்சான், தாங்கள் மேலே உள்ளதைப் படிக்காமல் நேராகப் பின்குறிப்புக்கு வந்துவிடவும். ஏற்கெனவே படித்திருந்தால் மறந்துவிடவும். இதைப் பார்த்த உடனே ரூத்துக்கு ஃபோன் போட்டு, சேர்ந்துகொள் என்று அழுத்திச் சொல்லவும். வேறு எதையாவது சொன்னால் நான் தங்கள் வீட்டுப் படி ஏற மாட்டேன். கடிதத்தைக் கிழித்துவிட்டு நானே ஃபோனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் தபால் எழுதியிருக்கிறேன் என்று கேள்விப்பட்டு, பெட்டியில் தானே கொண்டுபோய்ப் போடுவதாக ஜானகிராமன் சார் தனியாகக் கிளம்பி, செருப்பு மாட்டிக்கொண்டு எங்கள் வாசலில் நிற்கிறார். அவரிடம் கொடுக்க ஒரு தபால் வேண்டும். கொடுத்துவிடுகிறேன்.